பொருள் எண் ஒன்பது

பேரூராட்சிக் கூட்டத்தில்
தீர்மானப் புத்தகம் எழுதுவது என் வேலை.
பேசியதை எழுதாதே, முடிவை மட்டும் எழுது
என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்.

அதனால் இது புத்தகத்தில் இல்லை.

பொருள் எட்டு: மேட்டுத்தெரு மோட்டார் பழுது. நிறைவேறியது.
பொருள் ஒன்பது:
பூட்டிக் கிடக்கும் கால்நடை மருந்தகத்தை
வீட்டில் அடிபட்டு வரும் பெண்கள் தங்கக் கொடுப்பது.
கொண்டுவந்தவர் ஆறாம் வார்டு புஜ்ஜம்மா.
இழை முடிந்து முடிந்து காய்த்த விரலால்
மின்விசிறிக்குப் பறந்துவிடாமல்
மனுவை அழுத்திப் பிடித்திருந்தார்.

"நம்ம ஊர்ல அப்படி யாரு இருக்கா?
இருந்தா நமக்குத் தெரியாதா?"
இது மூன்றாம் வார்டு.

துணைத் தலைவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருந்தது:
"இந்தப் பேட்டையில எது யார் வாசல்னு
நாய்க்குக்கூடத் தெரியும்.
குடிச்சிட்டு நேரா அங்கதான் வந்து நிப்பான்.
தூரத்துல இருந்தாத்தானே மறைவிடம்?"

புஜ்ஜம்மா தெலுங்கில் எதையோ முணுமுணுத்தார்.
பிறகு தமிழில் கணக்குச் சொன்னார்.
திருவள்ளூருக்கு இரண்டு பஸ் மாறணும்.
கடைசி வண்டி எட்டேகால்.
அடி விழுவது பத்து மணிக்கு மேல்.
இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று,
பெரியவளுக்கு விடிந்தால் பரீட்சை.
தறிக்காரரிடம் வாங்கிய முன்பணம் அவள் பேரில்.
நகரிப் பக்கம் அம்மா வீட்டுக்கு ஓடினால்
அங்கத்து ஸ்டேஷனில், அடிச்ச இடம் தமிழ்நாடு, அங்க போ.
இங்கே வந்தால், பொண்ணு இருக்கிறது ஆந்திரா, அங்க போ.
"தூரம் நல்லதுதான் சார், போய்ச் சேர முடிஞ்சா.
அவன் வந்து நிக்கட்டும்.
அங்க தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கும்.
அவ வீட்டுல அது வெளிப்பக்கம்."

நான் எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன்.

போன சித்திரையில் முனிலட்சுமி வந்தாள்.
மூன்று பிள்ளைக்கும் பிறப்புச் சான்றிதழ் வேண்டும்.
ஏன் மூன்றும் ஒரே நாளில் என்று நான் கேட்கவில்லை.
அந்த வெயிலிலும் கழுத்தைச் சுற்றி முந்தானை.
சர்வர் வேலை செய்யல, திங்கட்கிழமை வா என்றேன்.
சர்வர் நிஜமாகவே வேலை செய்யவில்லை.
திங்கட்கிழமை அவள் வரவில்லை.
மூன்று சான்றிதழும் என் இழுப்பறையில்,
முத்திரையோடு.

ஓட்டுக்கு விடுவதற்குள் கரண்ட் போனது.

வெளியூர்க்காரருக்கு இது புரியாது.
ஊரிலுள்ள அத்தனை தறியும் ஒரே நொடியில் நிற்பது.
ராப்பகலாய்க் காதுக்குள் ஓடிய இரைச்சல்
மேல்துணி உருவினாற்போல் போய்விட
ஊர் தன் குரலோடு தனியே நிற்கும்.
முதலில் ஒரு குழந்தை.
உருண்டு ஓய்ந்த ஒரு பாத்திரம்.
அப்புறம் பின்தெருவிலிருந்து,
"வேணாம்... வத்து, வத்து...
பிள்ளைங்க பாக்குது..."

இன்றைக்கு ஏழரைக்கே.

மூன்றாம் வார்டு செல்போன் விளக்கைப் போட்டார்,
எங்கள் முகங்கள் தெரிந்ததும் அணைத்துவிட்டார்.
"ஜெனரேட்டர் என்னாச்சு?" என்றார் தலைவர்.
வேறு யாரும் வாய் திறக்கவில்லை.
காத்திருந்தோம்.
எதற்கென்று எனக்குத் தெரியும், கரண்ட் வருவதற்கு.
வந்தால் கேட்காது.

ஏழு நிமிடம்.

தறிகள் இரையத் தொடங்கின.
பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.
நானாகவும் இருக்கலாம்.

பொருள் ஒன்பது: அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.
எழுதி, கையெழுத்து வாங்கக் கொண்டுபோனேன்.
ஆறாம் வார்டு நாற்காலி காலி.
மேசைக்கு அடியில் செருப்பு மட்டும்,
ஒன்று கவிழ்ந்து.

அலுவலக அறைக்கு வந்து விளக்கைப் போட்டேன்.
சாவிப் பலகையில்
தண்ணீர்த் தொட்டி, நூலகம், மயானக் கொட்டகை
எல்லாம் தொங்கின.
கால்நடை மருந்தகம் என்ற சீட்டின் கீழே
வெறும் ஆணி.

சாவிப் பதிவேட்டைத் திறந்தேன்,
தேதி போட்டேன்,
மூடி வைத்தேன்.